சம்பந்தி வீட்டுப் படகு

இப்போதெல்லாம் யாரும் எதையும் பார்ப்பதில்லை. போட்டோ எடுக்கிறார்கள். பூங்காக் குளத்தில் நான் படகைத் தண்ணீரில் விட்டால் போதும், நடக்க வந்தவன், நாயைப் பிடித்துக்கொண்டு வந்தவள், எல்லோரும் போனைத் தூக்கிவிடுகிறார்கள். படகுக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம் என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். "சூப்பர் சார்" என்று கட்டை விரலைக் காட்டிவிட்டு நடையைக் கட்டுவார்கள். பாய்மரத்தைத் தலைகீழாக நட்டாலும் அதே கட்டை விரல்தான். ஒருமுறை என் படகு உண்மையாகவே முழுகிப்போனது. அதற்கும் ஒருவன் கட்டை விரலைக் காட்டினான். நீர்மூழ்கிக் கப்பல் என்று நினைத்தானோ என்னவோ.

குறையைக் குறை என்று சொன்னால் மனசு புண்படுமாம். ஆளுக்காள் பூசி மெழுகுகிறார்கள். நான் லாரி ஓட்டிப் பிழைத்தவன். எங்கள் தொழிலில் அது நடக்காது. லோடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கிளீனர் கத்துவான், எதிரே வருகிறவன் கத்துவான், டீக்கடைக்காரன்கூடக் கரண்டியோடு வெளியே வந்து கத்துவான். அப்படிப் பலபேர் கத்தியதால்தான் இந்த வயதிலும் கை காலோடு முழுசாக உட்கார்ந்திருக்கிறேன்.

லாரியை விட்ட பிறகு படகு என்னைப் பிடித்துக்கொண்டது. எல்லாம் முழங்கை நீளம், மிஞ்சினால் கை நீளம். புகைபோக்கி உடைந்தது, அடி பிளந்தது என்று பழைய சாமான் கடையில் கிடப்பதைக் கொண்டுவந்து, பழைய பெயின்ட்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஓட்டையை அடைத்து மறுபடி மிதக்க விடுவேன். சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடுகிற இடத்தில் ஒரு பலகை போட்டிருக்கிறேன். என் படகுகள் மேல் எப்போதும் யாருடைய பாவாடையாவது சொட்டிக்கொண்டிருக்கும்.

மனைவிக்கு இதெல்லாம் பொம்மை. "வயசானா ஆம்பளைங்க கோயில் குளம்னு போவாங்க. இவரு குளத்துக்கு மட்டும் போறாரு" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

என் சம்பந்திக்கும் படகு உண்டு. மகளுடைய மாமனாரைச் சொல்கிறேன். அவர் ஆற்றில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றிப் போகிற மோட்டார் படகில் இன்ஜின் பார்த்தவர். பாலம் வந்தது. படகைக் கரையில் இழுத்துப் போட்டு உடைத்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். சம்பந்தி, வீட்டுக்கு வந்து அந்தப் படகையே கை நீளத்துக்குச் செய்து கூடத்து அலமாரி மேல் வைத்துவிட்டார். நான் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். நன்றாக இருக்கிறது என்பேன். தொட்டுப் பார்த்ததில்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டில் வாயையும் கையையும் கொடுக்கக் கூடாது.

ஒரு நாள் காலையில் துண்டில் சுற்றிய மூட்டையோடு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"வாங்க சம்பந்தி. உக்காருங்க."

"இருக்கட்டும் சம்பந்தி. நீங்க உக்காருங்க."

"அட, மொதல்ல நீங்க."

"பரவால்ல, நீங்க."

நின்றுகொண்டே இருந்தோம். மனைவி துடைப்பத்தோடு வந்து, "அண்ணா, ரெண்டு பேரும் உக்காந்து காலைத் தூக்கிக்குங்க, நான் பெருக்கணும்" என்றாள். அப்புறம்தான் உட்கார்ந்தோம்.

துண்டைப் பிரித்தார். சுக்கான் அறை தனியாகக் கழன்று கிடந்தது. கைப்பிடிக் கம்பிகள் சுருண்டிருந்தன. அடியில் நீளமாக ஒரு விரிசல்.

"விழுந்துடுச்சு" என்றார்.

"எப்படி?"

"அதுவா விழுந்துடுச்சு."

சுருண்ட கம்பி ஒன்றை விரலால் நிமிர்த்திப் பார்த்தார். பிறகு, "வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியுமா சம்பந்தி?" என்று கேட்டார்.

"என்ன அவசரம்?"

"எங்க கேப்டனைப் பெரிய பொண்ணு வந்து கூட்டிட்டுப் போறா. ரொம்பத் தூரம். இனிமே நான் எங்க போய்ப் பாக்கறது? ஞாயித்துக்கிழமை காலைல பூங்காவுக்கு வீல் சேர்ல தள்ளிட்டு வர்றேன்னு சின்னப் பொண்ணு சொல்லிருக்கு. தண்ணில போட்டை விட்டுக் காட்டிடலாம்னு."

"காட்டினா?"

"அவருக்கு இப்ப ஒண்ணும் ஞாபகம் இல்ல சம்பந்தி. போன தடவ நான் போனப்ப, குழாய் ரிப்பேர் பாக்க வந்தவன்னு நெனச்சு பாத்ரூமைக் காட்டினாரு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னை விடுங்க. நான் கீழ இன்ஜின்கிட்ட கெடந்தவன். ஆனா பாதி ஆயுசு அந்தப் போட்டுமேல நின்னாரு அவரு. அதைத் தெரியாமயா போயிடும்?"

எனக்கு நம்பிக்கையில்லை. ஞாபகம் போனால் போனதுதான். ஆனாலும் சரி என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவர் தெருமுனை திரும்பியதும் மனைவி வாயைத் திறந்தாள். "அதுவா ஒண்ணும் விழல. உங்க பொண்ணு தூசி தட்டறேன்னு ஒட்டடைக் குச்சியால ஒரே தட்டு. அழுதுட்டே போன் பண்ணா. அண்ணா அவளை ஒரு வார்த்தை கேக்கல. 'காத்துல விழுந்துடுச்சும்மா'ன்னாராம்."

"கூடத்துல ஏது காத்து?"

"அதான் சொல்றேன். ஒழுங்கா செஞ்சு குடுங்க. நம்ம பொண்ணு உடைச்சது."

ஒழுங்காகத்தான் செய்தேன். விரிசலைக் கத்தி முனையால் அகட்டி உள்ளே இருந்த பழைய பசையையெல்லாம் தோண்டி எடுத்து, கல்லாக இறுகுகிற எபாக்சி ஊற்றினேன். கைப்பிடிக் கம்பிகளைக் காப்பாற்ற முடியவில்லை. புதுப் பித்தளைக் கம்பி வெட்டி ஒவ்வொன்றாகச் சூடு வைத்துப் பற்ற வைத்தேன். கண்ணாடி ஜன்னல்களுக்கு மாத்திரை அட்டையின் பிளாஸ்டிக். ரத்தக் கொதிப்பு மாத்திரை அட்டை நல்ல வழவழப்பாக இருக்கும், சர்க்கரை மாத்திரை அட்டை சரிப்படாது.

எல்லாம் காய்ந்த பிறகு, துணி ஊறவைக்கிற பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் படகை விட்டேன். ஒழுகவில்லை. ஆனால் இடது பக்கம் சாய்ந்தது.

கொஞ்ச நஞ்சமல்ல. சாப்பிட்டுவிட்டுத் திண்டில் சாய்ந்த ஆள் மாதிரி சாய்ந்தது.

முதலில் என் வேலையில்தான் கோளாறு என்று பயந்தேன். எபாக்சி ஒரு பக்கமாக ஓடிவிட்டதோ என்று வெளியே எடுத்துப் பார்த்தேன். அதுவும் இல்லை. ஆள் உட்காரும் அறையின் கூரை கழற்றி மாட்டுகிற மாதிரி இருந்தது. கழற்றினேன். உள்ளே பேட்டரி. பேட்டரிக்குக் கீழே பலகை. பலகையைப் பெயர்த்தால், தூண்டிலில் கட்டுகிற ஈயக் குண்டுகளை வரிசையாக இடது ஓரத்தில் தார் வைத்து ஒட்டியிருந்தார். வலது ஓரத்தில் ஒன்றுகூட இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் பாவமாக இருந்தது. மனுஷனுக்குக் கண்ணில் புரை. படகு செய்த காலத்திலேயே ஆரம்பித்திருக்கும். இன்ஜின் ஆசாமிக்கு லோடு பற்றி என்ன தெரியும்? லோடு மேலே ஏறுகிறது, அவர் கீழே கிடக்கிறார். அலமாரியில் கட்டை மேல் நிற்கும்போது நேராகத்தான் தெரிந்தது. தண்ணீரில் விட்டால்தானே சாய்வு தெரியும். இன்னொன்றும் கண்ணில் பட்டது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அடிக்கிற சிவப்புப் பெயின்ட், இடது பக்கம் ஏறியும் வலது பக்கம் இறங்கியும் கோணலாக இருந்தது. கோடு போடவும் தெரியவில்லை.

"அண்ணாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்" என்றாள் மனைவி.

"என்னன்னு கேக்கறது? நீங்க கட்டினது கோணல், உங்க கண்ணு அவிஞ்சு போச்சுன்னா?"

யோசித்தாள். "அதுவும் சரிதான். பொண்ணு உடைச்சா, அப்பா குத்தம் சொன்னாருன்னு ஆயிடும். சத்தமில்லாம சரி பண்ணிடுங்க."

சத்தமில்லாமல் சரி பண்ணினேன். தாரைச் சுரண்டி ஈயக் குண்டுகளை எடுத்தேன். நடுவில் அடிமரத்தோடு ஒட்டி வரிசையாக வைத்து, இனி பூகம்பமே வந்தாலும் நகராதபடி மேலே எபாக்சியை ஊற்றினேன். தொட்டியில் விட்டேன். படகு நேராக நின்றது. தலையில் தட்டினேன். ஆடி அடங்கி மறுபடி நேராக நின்றது. சிவப்புப் பெயின்ட்டையும் டேப் ஒட்டி நேர்கோடாக அடித்தேன். மனைவிகூட வந்து பார்த்துவிட்டு, "இது பொம்மை மாதிரி இல்ல" என்றாள். அவள் வாயிலிருந்து அது வந்ததே பெரிது.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி எனக்கு முன்னால் குளத்தங்கரையில் இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. அவரோடு கூடவே ஒல்லியாக உயரமாக ஒருத்தர். அந்தக் காலத்தில் அதே படகில் கரைக்குக் கயிறு வீசிக் கட்டுகிற வேலை பார்த்தவராம். எல்லோரும் இன்னும் 'கயிறு' என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பினார். வீல் சேரில் கேப்டன். பெரிய உடம்பு, அதற்குள் சின்னதாக ஒரு ஆள். பின்னால் நின்ற அவருடைய சின்ன மகள், "ரொம்ப நேரம் வெயில்ல வைக்க முடியாது மாமா" என்று சம்பந்தியிடம் சொன்னாள்.

நான் படகைக் கொடுத்தேன். சம்பந்தி இரண்டு கையாலும் வாங்கி, விரலால் கைப்பிடிக் கம்பியை முழுக்கத் தடவிப் பார்த்தார். "புதுசா ஆக்கிட்டீங்க சம்பந்தி."

"உங்களுக்காக."

சிமென்ட் கரையில் மண்டியிட்டுத் தண்ணீரில் வைத்தார்.

கையை எடுத்தார். எடுத்த கையைப் படகுக்கு மேலேயே வைத்திருந்தார், எதற்கோ காத்திருக்கிற மாதிரி. படகு நேராக நின்றது. அவர் இடது பக்கம் குனிந்து பார்த்தார். வலது பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ரொம்ப... நேரா நிக்குது சம்பந்தி."

"நிக்கும். இனிமே எப்பவும் அப்படித்தான் நிக்கும்."

"ஆமா. நல்லாருக்கு" என்றார். முகம் மட்டும் தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கினாற்போல் ஆறிக்கொண்டே போனது.

சுவிட்சைத் தட்டினார். ரிமோட் எல்லாம் கிடையாது. சுக்கானைத் திருப்பி வைத்த பக்கம் அதுபாட்டுக்கு வட்டமடிக்கும். கேப்டன் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார். மகள் குனிந்து, "அப்பா, இது எந்த போட் சொல்லுங்க" என்றாள்.

"நல்லா இருக்கு" என்றார் கேப்டன். "யாரு வீட்டுப் பிள்ளைங்களுது?"

சம்பந்தி மண்டியிட்டபடியே இருந்தார். கேப்டன் மடியிலிருந்த துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டார். மடித்துப் பிரித்து மறுபடி மடித்தார்.

கயிறுதான் வாயைத் திறந்தார். "டேய், இது நம்ம போட் இல்லையேடா."

"சும்மா இரு" என்றார் சம்பந்தி.

"என்ன சும்மா இரு? நம்மது எங்க நேரா நின்னுச்சு? கட்டின நாள்லேந்து... இல்ல, இன்ஜின் மாத்தின நாள்லேந்து இடது பக்கம் தொங்கிட்டுத்தானே போச்சு? உன் போட் சாயுமே! நீ குளிக்கற தொட்டில விட்டுக் காட்டினியே எனக்கு!"

நான் அவரைப் பார்த்தேன். "சாஞ்சுதான் இருந்துது. நான்தான் சரி பண்ணேன்."

"சரி பண்ணீங்களா?"

"ஈயம் முழுக்க ஒரே பக்கம் கெடந்துது. நடுவுல வச்சேன்."

"அட அண்ணே! புது இன்ஜின் வந்தப்ப நடுவுல எடமில்லன்னு இடது பக்கமாத்தான் எறக்கினாங்க. அன்னிலேந்து அந்த போட் நிமிரவே இல்ல. இவன் அதைக் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுச் சாய வச்சிருக்கான். நீங்க நிமித்திட்டேங்கறீங்க."

"அப்ப நிஜ போட்டையே அவங்க சரி பண்ணிருக்கணும்."

"பண்ணறோம் பண்ணறோம்னாங்க. அதுக்குள்ள ஒடைச்சுட்டாங்க."

"தப்பா ஓடினதைத் தப்பாவே செஞ்சு வைக்கறதுக்கு என்ன பேரு?" என்று கேட்டேன். நியாயமான கேள்வி.

சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தேன். "ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே சம்பந்தி."

"நீங்க கேட்டிருக்கலாமே சம்பந்தி" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு அவரே பயந்துபோய், "தப்பா எடுத்துக்காதீங்க. வேலை சுத்தமா இருக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

மகள் வீல் சேரின் பிரேக்கை எடுத்தாள். "கெளம்பட்டுமா மாமா? வெயில் ஏறுது."

சம்பந்தி சரி என்று தலையாட்டினார். எழுந்திருக்கவில்லை. தண்ணீரில் படகு வட்டம் முடித்துக் கரைக்கு வந்துகொண்டிருந்தது, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி, நேராக. எனக்கே அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"ஒரு நிமிஷம்மா" என்றேன்.

ஈயத்தை அசைக்க முடியாது. அதை நான்தான் பூகம்பத்துக்குத் தயார் பண்ணி வைத்திருக்கிறேன். கையோடு கொண்டுவந்திருந்த என் சாமான் டப்பாவைத் திறந்தேன். பழைய நட்டுகள் கிடந்தன, லாரி காலத்துச் சரக்கு. படகைப் பிடித்து நிறுத்திக் கூரையைக் கழற்றினேன். ஒரு நட்டை எடுத்து உள்ளே இடது ஓரத்தில் வைத்தேன். வைக்கும்போது கை கூசியது. காலமெல்லாம் லோடை நடுவில் ஏற்று, நடுவில் ஏற்று என்று அடுத்தவனைத் திட்டினவன் நான்.

"இன்னும்" என்றார் கயிறு.

இன்னொன்று வைத்தேன்.

"இன்னும் அண்ணே. நிஜ போட்ல அந்த சைடு டயர் தொங்கவிட்டிருப்போம், அது தண்ணில நனையற அளவு சாயணும்."

"கவுந்துடும்."

"கவுறாது. அது கவுறவே கவுறாது. அதான் அதோட குணமே."

வைத்தேன். படகு மெல்ல இடுப்பை ஒடித்தது. வலது பக்கம் நான் அடித்த சிவப்புக் கோடு தண்ணீருக்கு மேலே ஏறி வெயிலில் பளபளத்தது. இடது பக்கக் கோடு முழுகிக் காணாமல் போனது. கேவலமாக இருந்தது. சம்பந்தி கண்ணாடியை மூக்கில் அழுத்திக்கொண்டு பார்த்தார்.

"விடுங்க சம்பந்தி" என்றார்.

விட்டேன். சாய்ந்துகொண்டே போனது. வட்டமடிக்கும்போது இன்னும் சாய்ந்தது. இதோ கவிழப் போகிறது என்று நான் கையை நீட்டினேன்.

"வலப்பக்கம் வாங்க!"

சத்தம் கேட்டு நாயைப் பிடித்துக்கொண்டு போனவள் நின்றுவிட்டாள். கேப்டன் வீல் சேரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்திருந்தார். துணி கீழே விழுந்திருந்தது.

"எத்தன தடவ சொல்றது? எல்லாரும் அந்தப் பக்கமே ஏன் நிக்கறீங்க? வலப்பக்கம் வாங்கம்மா. கூடையைத் தூக்கிட்டு வாங்க!"

கயிறு சட்டென்று வலது பக்கம் நகர்ந்தார். தரையில் நிற்கிறோம் என்ற யோசனையே இல்லை. மகள் வாயில் கை வைத்துக்கொண்டாள். அவளும் ஓர் அடி நகர்ந்தாள். நான் நகரவில்லை.

கேப்டன் கழுத்தை நீட்டிப் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேகத்தைக் குறைக்கச் சொல்லு. கரை வருது. கீழ இருக்கான்ல, கரிமூஞ்சி, அவன்கிட்ட சொல்லு."

மகள் குனிந்தாள். "அப்பா, அவர் இங்கதான் இருக்கார். பாருங்க, உங்க பக்கத்துலயே."

"இங்க எதுக்கு வர்றான்? அவன் மேல வந்தா இன்ஜினை எவன் பாக்கறது?"

சம்பந்தி எழுந்திருக்கவில்லை. மண்டியிட்ட இடத்திலிருந்தே தலையை இன்னும் தாழ்த்தி, தண்ணீரைப் பார்த்து, இரண்டு கையையும் வாயருகில் குவித்துக்கொண்டார். "கொறைச்சாச்சு கேப்டன்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"ம்" என்றார் கேப்டன். "அவன் செஞ்சுடுவான்." பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

படகு கரையில் முட்டி நின்றது. யாரும் அதை எடுக்கவில்லை. மகள் வீல் சேரைத் தள்ளிக்கொண்டு போகவும் இல்லை. வெயில் ஏறத்தான் செய்தது.

நான் டப்பாவை மூடிக்கொண்டு கிளம்பினேன். கயிறு கண்ணைத் துடைத்தபடி கூடவே வந்தார்.

"என்ன அண்ணே, இப்ப ஒத்துக்கறீங்களா?"

"எதை?"

"அவருக்குத் தெரிஞ்சுடுச்சுல்ல, நம்ம போட்டுன்னு."

"போட் சாஞ்சா எந்தக் கேப்டனும் கத்தத்தான் செய்வாரு. அதுக்கு ஞாபகம் எதுக்கு? கண்ணு இருந்தா போதும்."

"கரிமூஞ்சின்னாரே!"

"இன்ஜின் பாக்கறவன் மூஞ்சி வேற எப்படி இருக்கும்?"

"சரியான ஆளு அண்ணே நீங்க" என்றார் கயிறு. திரும்பிக் கேப்டனிடம் ஓடிவிட்டார்.

பின்னாலிருந்து சம்பந்தி கூப்பிட்டார். "சம்பந்தி! உங்க நட்டெல்லாம் உள்ளயே இருக்கு."

"இருக்கட்டும். ஆனா கோணல் கோணல்தான் சம்பந்தி. என்னிக்காவது நிமித்தணும்னு தோணிச்சுன்னா கொண்டாங்க."

"கொண்டாரேன் சம்பந்தி" என்றார்.

கொண்டுவர மாட்டார். எனக்குத் தெரியும். பூங்கா கேட்டைத் தாண்டிப் பஸ் நிறுத்தம் வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தேன். எப்படிக் கணக்குப் போட்டாலும் அந்த இன்ஜினை நடுவில் இறக்க இடம் இருந்திருக்கும். எவனோ சோம்பேறி.